மேலே இருந்து பார்க்காதீங்க மேடம்!



போன வாரம் ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பற்றி எழுதினதுக்கு வந்த மெயில்களைப் படிச்சா, தமிழ்நாட்டு இன்ஜினீயரிங் காலேஜ்களை ஒண்ணா இணைக்கிறது அண்ணா யுனிவர்சிட்டி இல்லை, அந்தச் சாம்பார்தான்னு தெரியுது. எல்லோருக்கும் நன்றி! இந்த வாரம் கொஞ்சம் சீரியஸ் மேட்டர். நர்சிங், எம்.பி.பி.எஸ்., ஃபார்மஸி, எம்.எஸ்.டபிள்யூ. படிக்கிறவங்க கொஞ்சம் முன்னாடி வந்து உட்காருங்க. மற்றவர்களும் எழுந்து போக வேண்டாம். என்னைக்காவது ஒரு நாள் நாமும் ஆஸ்பத்திரி கட்டிலில் படுக்கப் போகிற ஆட்கள்தானே?

எனக்கும் மருத்துவத்துக்கும் இருக்கிற ஒரே தொடர்பு, அட்டெண்டன்ஸ் குறையும்போது வாங்குகிற மெடிக்கல் சர்டிஃபிகேட். படிப்பது டிரிபிள் ஈ, மூன்றாம் வருஷம். ஊர் திருவண்ணாமலை. எங்க ஊர்க்காரனுக்கு யோசிக்க வேண்டிய விஷயம் எதுவா இருந்தாலும் ஒரு பௌர்ணமி போதும். 14 கிலோமீட்டர் கிரிவலம், செருப்பு கிடையாது, எப்படிப் பார்த்தாலும் நாலு மணி நேரம். அதற்குள் எந்தக் கதையும் வெளியே வந்துவிடும்.

போன பௌர்ணமிக்கு என்னோட நடந்தது ரெண்டு பேர். ஒருத்தர் பெரியம்மா. கிராம சுகாதார செவிலியரா வேலைக்குச் சேர்ந்து, பகுதி சுகாதார செவிலியரா ரிட்டயர் ஆனவர். இன்னொருத்தி அவர் பொண்ணு, எனக்கு அக்கா. பி.எஸ்சி. நர்சிங் முடிச்சு வேற ஊர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரின்னு கேட்காதீங்க. சொன்னேன்னா அக்கா என்னை மலை மேல ஏத்தி உருட்டி விட்டுடுவா.

ராஜகோபுரத்துல கும்பிட்டுட்டு கிளம்பினதுல இருந்து நான் புலம்பிக்கிட்டே வந்தேன். என் புலம்பல், நான் எழுதித் தந்த பக்கத்தை எங்க சப்-எடிட்டர் சிவப்பு மையால் குளிப்பாட்டித் திருப்பித் தந்ததைப் பற்றி. அக்னி லிங்கம் தாண்டினதும் அக்கா பொறுமை இழந்துட்டா.

"டேய், நீ தப்பு பண்ணினா ஒரு பக்கம் போகும். நான் தப்பு பண்ணினா?"

அப்புறம் அவளே சொன்ன கதை இது.

அக்கா வேலைக்குச் சேர்ந்து ஆறாவது வாரம். நைட் டூட்டி. வார்டுல 32 பேர், நர்ஸ் ரெண்டு பேர். அதுக்கு முந்தின வாரம்தான் ஒரு மருந்தோட அளவுல டவுட் வந்து இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட கேட்டிருக்கா. அவங்க பேஷன்ட்டோட சொந்தக்காரங்க முன்னாடியே, "காலேஜுக்குப் படிக்கப் போனியா, கோழி மேய்க்கப் போனியா?"ன்னு கேட்டுட்டாங்க. சுத்தி நின்னவங்க சிரிச்சிருக்காங்க. இனிமே இவங்ககிட்ட எந்த டவுட்டும் கேட்கக் கூடாதுன்னு அன்னைக்கே அக்கா முடிவு பண்ணிட்டா.

அந்த நைட் வார்டுல ரெண்டு முருகன். 6-ம் கட்டில் முருகன், 9-ம் கட்டில் முருகன். ஒருத்தருக்குச் சர்க்கரை நோய், இன்னொருத்தருக்கு இல்லை. இன்சுலின் 10 யூனிட், சர்க்கரை நோயே இல்லாத முருகனுக்குப் போயிடுச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு மற்ற முருகனோட மனைவி வந்து, "எங்க வீட்டுக்காரருக்கு எப்பம்மா ஊசி?"ன்னு கேட்டப்பதான் அக்காவுக்கு உடம்பெல்லாம் சில்லுன்னு ஆயிருக்கு.

என்ன பண்ணணும்னு அவளுக்குத் தெரியும். முதல்ல சுகர் பார்க்கணும். உடனே டூட்டி டாக்டர்கிட்ட சொல்லணும். சிஸ்டர்கிட்ட சொல்லணும். மூணுல முதல் வேலையை மட்டும் செஞ்சா. நிறைய சர்க்கரை போட்டுப் பாலைக் கலக்கிக் கொண்டு போய், "டாக்டர் கொடுக்கச் சொன்னார்"னு பொய் சொல்லிக் குடிக்க வச்சா. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போய் அவர் முகத்தைப் பார்த்தா. ஸ்டோர் ரூம்ல போய் நின்னு அழுதா. சொல்லலை. ஐம்பது நிமிஷம் யார்கிட்டயும் சொல்லலை.

அந்த ஆளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்து, கை நடுங்க ஆரம்பிச்சதும்தான் டாக்டர் ரூமுக்கு ஓடினா. டெக்ஸ்ட்ரோஸ் ஏத்தி, ராத்திரி முழுக்க சுகர் பார்த்து, காலையில அவர் இட்லி சாப்பிட்டார். தப்பிச்சார். அக்காவுக்கு மெமோ வந்தது.

"தப்பு ஊசி போட்டது அஞ்சு நிமிஷ விஷயம்டா. அதுக்கு மெமோ கொடுத்தாங்க, சரிதான், வாங்கிக்கிட்டேன். ஆனா ஐம்பது நிமிஷம் ஏன் சொல்லலைன்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர்கூட என்னைக் கேட்கலை."

இதைச் சொல்லும்போது நாங்க எம லிங்கத்துக்குப் பக்கத்துல இருந்தோம். இடம் பார்த்துச் சொன்னாளா, தானா அமைஞ்சதான்னு தெரியலை. எனக்குக் கால் சுட்டது மறந்து போச்சு.

இந்த ஐம்பது நிமிஷம்தான் நண்பர்களே இந்த வார மேட்டர். வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் நெட்டுல உட்கார்ந்து படிச்சேன். (செமஸ்டருக்கு இப்படிப் படிச்சிருந்தா எம்-3 அரியர் எப்பவோ போயிருக்கும்.)

அமெரிக்காவுல எமி எட்மண்ட்சன்னு ஒருத்தர். ஹார்வர்டுல பிஎச்.டி. பண்ணிட்டிருந்தப்போ, ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து கொடுக்கிறதுல நடக்கிற தப்புகளை எடுத்து ஆராய்ஞ்சார். அவர் எதிர்பார்த்தது நாமும் எதிர்பார்க்கிறதுதான்: நல்ல தலைமை நர்ஸ், நல்ல டீம் இருக்கிற வார்டுல தப்பு குறைவா இருக்கும். கணக்கு தலைகீழா வந்தது. நல்ல டீம்லதான் தப்பு எண்ணிக்கை அதிகம்! குழம்பிப் போய் இன்னும் உள்ளே போய்ப் பார்த்தார். அந்த வார்டுகள்ல தப்பு நடந்தா பயப்படாம வெளியே சொல்றாங்க, பேசறாங்க. திட்டு விழுகிற வார்டுல எல்லாம் ஒளிஞ்சு கிடக்கு. பேப்பர்ல சுத்தமா இருக்கிற வார்டுதான் டேஞ்சரான வார்டு. அந்த ஆய்வு 1996-ல் வெளிவந்தது.

எங்க டிபார்ட்மெண்ட் பாஷையில சொல்றேன். கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல முதல் யூனிட்லயே ஃபீட்பேக் வரும். சூடு எவ்வளவுன்னு சென்சார் சொல்லணும், அதை வச்சு கன்ட்ரோலர் முடிவெடுக்கும். சென்சார் பொய் சொன்னா கன்ட்ரோலர் எவ்வளவு அறிவாளியா இருந்தாலும் வேஸ்ட். திட்டு வாங்கின ஜூனியர், பொய் சொல்லப் பழகின சென்சார்.

இதைப் பெரியம்மாகிட்ட பெருமையா எடுத்து விடலாம்னு நினைச்சேன். அவங்க என்னை முந்திக்கிட்டாங்கங்கிறதுதான் உண்மை. அன்னைக்கு நடந்துக்கிட்டே, அக்கா கதையை முடிச்சதும் கொஞ்ச நேரம் பேசாம வந்தவங்க, நிருதி லிங்கத்துகிட்ட சுக்கு காபி வாங்கிக்கிட்டு உட்கார்ந்துட்டாங்க.

"நானும் அந்த இன்சார்ஜ் மாதிரி இருந்தவதாண்டா."

அக்காவே ஆடிப் போயிட்டா. இது அவளுக்கும் புதுசு.

பெரியம்மா வேலையைப் பற்றி ஒரு வரி சொல்லிடறேன். சமவெளியில சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம். ஜவ்வாது மலை மாதிரி மலைப்பகுதின்னா 3,000 பேருக்கு ஒண்ணு. அதுல இருக்கிறவங்கதான் நாம ஊர்ல "நர்சம்மா"ன்னு கூப்பிடற கிராம சுகாதார செவிலியர். கர்ப்பிணிப் பதிவு, தடுப்பூசி, எடை, ரத்த அழுத்தம், ரிஜிஸ்டர், இப்போ கம்ப்யூட்டர் என்ட்ரி, எல்லாமே அவங்க தலையில. இந்த மாதிரி ஆறு நிலையத்தை ஒருத்தர் மேற்பார்வை பார்ப்பார். ப்ரோமோஷன் வாங்கி பெரியம்மா உட்கார்ந்த நாற்காலி அது.

அவங்க கீழ புதுசா ஒரு பொண்ணு வேலைக்கு வந்திருக்கு. ஒரு மாசம் மூணு குழந்தைக்குத் தட்டம்மை ஊசி பாக்கி. பெரியம்மா போனவங்க, வரிசையில உட்கார்ந்திருந்த தாய்மார்கள் முன்னாடி, "மாசமானா சம்பளம் மட்டும் கரெக்டா வாங்கத் தெரியுதில்ல?"ன்னு கேட்டுட்டாங்க. அடுத்த மாசத்துல இருந்து அந்தப் பொண்ணு ரிஜிஸ்டர் நூத்துக்கு நூறு. பெரியம்மாவுக்கு ஒரே சந்தோஷம். ரிவ்யூ மீட்டிங்ல டாக்டரே பாராட்டினாராம்.

நாலு மாசம் கழிச்சு வேற வேலையா ஒரு வீட்டுக்குப் போனா, குழந்தை மேலெல்லாம் தட்டம்மை. ரிஜிஸ்டர்ல ஊசி போட்டாச்சுன்னு டிக் இருக்கு. அம்மாக்காரி, "அன்னைக்கு நாங்க ஊர்லயே இல்லையே மேடம், கரும்பு வெட்டப் போயிருந்தோம்"னு சொல்லியிருக்கா. குழந்தையை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்காங்க. பிழைச்சுது, ஆனா ரொம்ப நாளைக்குத் தேறவே இல்லையாம். அந்த நர்ஸ் பொண்ணு பெரியம்மா கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதிருக்கு. "உங்களுக்குப் பயந்துதான் மேடம் டிக் போட்டேன்."

"அந்த டிக்கை அவ போடலைடா. நான் போட வச்சேன்."

சுக்கு காபி ஆறிப் போச்சு. யாரும் ஒண்ணும் பேசலை. பின்னாடி ஒரு குரூப் நமச்சிவாயம் சொல்லிக்கிட்டே போனது மட்டும் கேட்டுது.

அதுக்கப்புறம் பெரியம்மா ஒரு பழக்கம் வச்சிருக்காங்க. எந்த நிலையத்துக்குப் போனாலும் ரிஜிஸ்டரைத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரே கேள்வி: "இந்த மாசம் உன்னால எது முடியலை?" பதில் வந்ததும், அந்த முடியாத வீட்டுக்கு ரெண்டு பேருமா சேர்ந்து நடக்கிறது.

இது பெரியம்மா தனியா கண்டுபிடிச்சது இல்லைன்னு அப்புறம் படிச்சப்போ தெரிஞ்சுது. நம்ம தமிழ்நாட்டுலயே இதைப் பெரிய அளவுல செஞ்சு காட்டியிருக்காங்க. 1980-ல் உலக வங்கி உதவியோட "தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம்"னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. முதல் ஒன்றியம் மதுரைப் பக்கம் கொட்டாம்பட்டி. ஏறக்குறைய 1,500 பேருக்கு ஒரு ஊட்டச்சத்துப் பணியாளர். அதே கிராமத்துப் பெண். அவரைத் தேர்ந்தெடுத்த விதம் எனக்கு ரொம்பப் பிடிச்சுது: ஏழையா இருக்கணும், ஆனா அவங்க குழந்தை நல்லா வளர்ந்திருக்கணும்! பக்கத்து வீட்டுக்காரி நம்ப அதைவிட வேற சான்றிதழ் வேணுமா? மாசா மாசம் மூணு வயசுக்குள்ள இருக்கிற குழந்தைகளை எடை போடுவாங்க. எடை ஏறாத குழந்தைக்குச் சத்துமாவு. ஏற ஆரம்பிச்சதும் நிறுத்திடுவாங்க.

நம்ம மேட்டர் இனிமேதான். இந்தப் பணியாளர்கள் பத்துப் பேருக்கு ஒரு மேற்பார்வையாளர். அங்கன்வாடித் திட்டத்துல அது 20, 25 பேருக்கு ஒருத்தர்ங்கிற கணக்கு. பத்துன்னா மாசத்துல ஒவ்வொருத்தர்கூடவும் உட்கார நேரம் இருக்கும். இருபத்தஞ்சுன்னா கையெழுத்துப் போட்டுட்டு பஸ்ஸைப் பிடிக்கத்தான் நேரம் இருக்கும். அது போதாதுன்னு, ஒன்றியத்துக்கு ஒரு பயிற்றுநர் வேற போட்டு, வேலை செய்ற இடத்துலயே தொடர்ந்து கத்துக் கொடுத்தாங்க. அந்தத் திட்டம் நடந்த இடங்கள்ல குழந்தைகளோட கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு நல்லாவே குறைஞ்சுதுன்னு மதிப்பீடு பண்ணினவங்க எழுதியிருக்காங்க. அதுக்குச் சொன்ன காரணங்கள்ல பயிற்சியும் மேற்பார்வையும் முக்கியமானது. சத்துமாவை மட்டும் பாராட்டிட்டுப் போக முடியாது.

"மேற்பார்வை"ங்கிற சொல்லே எனக்கு இப்போ கொஞ்சம் இடிக்குது. மேலே இருந்து பார்க்கிறது. மேலே இருந்து பார்த்தா ரிஜிஸ்டர்தான் தெரியும். பக்கத்துல உட்கார்ந்தாதான் பொண்ணோட கை நடுங்கறது தெரியும்.

வெள்ளைக்காரன் ஊர்ல மட்டும் எல்லாம் ஒழுங்கான்னு கேட்டா, அதுவும் இல்லை. லண்டன்ல விக்டோரியா கிளிம்பியேன்னு ஒரு சின்னப் பொண்ணு, ஐவரி கோஸ்ட்டுல பிறந்தவ. பார்த்துக்க வேண்டிய சொந்தக்காரப் பெண்மணியும் அவரோட துணைவரும் பண்ணின கொடுமையில 2000 பிப்ரவரியில செத்துப் போனா. வயசு 8. சமூகப் பணியாளர்கள், டாக்டர்கள், போலீஸ்னு எல்லோர் கண்ணுலயும் பட்ட குழந்தை. காப்பாத்தியிருக்கக்கூடிய சந்தர்ப்பம் குறைஞ்சது 12 தடவை கைநழுவிப் போச்சுன்னு லார்ட் லேமிங் விசாரணை 2003-ல் சொல்லுச்சு. குழந்தையைப் பார்த்துக்கிட்ட சமூகப் பணியாளர் அனுபவம் குறைஞ்சவங்க. அவங்களுக்குக் கிடைச்ச மேற்பார்வை படு மோசம். அந்த அறிக்கையில ஒரு பரிந்துரையைப் பாருங்க: மேற்பார்வையாளர் கேஸ் ஃபைலைக் குறிப்பிட்ட இடைவெளியில படிக்கணும், சரிபார்க்கணும், அப்புறம் கையெழுத்துப் போடணும். "படிக்கணும்"னு ஒரு அறிக்கையில எழுத வேண்டியிருக்கு பாஸ்! நம்ம லேப் ரெக்கார்டு ஞாபகம் வருதா? எனக்கு வந்துது.

சரி, ரொம்ப கனமாயிடுச்சு. கொஞ்சம் சிரிப்போம். ஆல்ஃபிரட் கதூஷின்னு அமெரிக்காவுல ஒரு சமூகப்பணிப் பேராசிரியர். 1968-லயே, மேலே இருக்கிறவங்களும் கீழே இருக்கிறவங்களும் மேற்பார்வையில ஆடற விளையாட்டுகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிட்டார். படிச்சா, இவர் எப்போ எங்க காலேஜுக்கு வந்தார்னு தோணுது.

கீழே இருக்கிறவங்க ஆட்டம் ஒண்ணு: "நீங்க எனக்கு நல்லவங்க, நான் உங்களுக்கு நல்லவ." மேடம் உங்களை மாதிரி யாராலயும் முடியாதுன்னு ஐஸ் வச்சே மார்க் வாங்கறது. இன்னொண்ணு, நீளமா கேள்வி லிஸ்ட் எடுத்துட்டுப் போய் ஒவ்வொண்ணா கேட்கறது. சார் லெக்சர் அடிக்க ஆரம்பிச்சிடுவார், நம்ம வேலையைப் பற்றிப் பேசவே நேரம் இருக்காது. (புராஜெக்ட் ரிவ்யூவுல நான் பண்ணியிருக்கேன். வொர்க் அவுட் ஆகும்.) இன்னும் கில்லாடியான ஆட்டம், போன உடனே "நான் எல்லாத்தையும் சொதப்பிட்டேன் சார், நான் எதுக்குமே லாயக்கில்லை"ன்னு நாமே நம்மைத் திட்டிக்கிறது. பாவம், சார் ஆறுதல்தான் சொல்லணும், வேற வழியில்லை. அதுக்கும் மேல ஒண்ணு, "நீங்க சொன்னபடிதானே செஞ்சேன்?" இதுல பொறுப்பு முழுக்க மேல போயிடும்.

மேலே இருக்கிறவங்களும் சளைச்சவங்க இல்லை. ஜூனியர் ஒரு நியாயமான எதிர்க்கருத்து சொன்னா, அதுக்குப் பதில் சொல்லாம, "நீ ஏன் இப்படிப் பேசறேன்னு யோசிச்சுப் பார்த்தியா?"ன்னு அவ மனசை ஆராய ஆரம்பிச்சிடறது. தனக்கே பதில் தெரியலைன்னா, "நீ என்ன நினைக்கிறே?"ன்னு பந்தைத் திருப்பி விடறது. ரெண்டு பக்கமும் ஆட்டத்துல ஏதோ லாபம் இருக்கறதாலதான் ஆட்டம் நிக்கவே மாட்டேங்குதுங்கறார் கதூஷின். ரெண்டு பக்கத்துக்கும் இல்லாத லாபம் ஒருத்தருக்கு. அவர் 6-ம் கட்டில்ல படுத்திருக்கார்.

இதே கதூஷின் 1976-ல் எழுதின புத்தகத்துல மேற்பார்வைக்கு மூணு வேலைன்னு பிரிச்சார். வேலை ஒழுங்கா நடக்குதான்னு பார்க்கிற நிர்வாகம். கத்துக் கொடுக்கிறது. மூணாவது, வேலை செய்றவங்க உடைஞ்சு போகாம தாங்கிப் பிடிக்கிறது. எம்.எஸ்.டபிள்யூ. ஃப்ரெண்ட்ஸுக்கு இது தெரியும். ஃபீல்டுவொர்க் போயிட்டு வந்து ரிப்போர்ட் எழுதினா, இண்டிவிஜுவல் கான்ஃபரன்ஸ்னு தனியா உட்கார வச்சு ஆசிரியர் பேசறார். படிக்கும்போது கிடைக்கிற அந்த நேரம் வேலைக்குப் போனதும் காணாமப் போயிடுது. நர்சிங் ஃப்ரெண்ட்ஸுக்கு, அக்கா சொல்றபடி, முதல் வேலை மட்டும் கிடைக்குது, அதுவும் மெமோ வடிவத்துல.

அப்போ என்னதான் பண்றது? அக்கா பண்ணினதைச் சொல்றேன். உங்களுக்கு ஒத்து வருமா பாருங்க.

மெமோ வாங்கின அன்னைக்கே அவ ராஜினாமா எழுதிட்டா. போன்ல பெரியம்மா, "போறதுன்னா போ, ஆனா அந்த ஐம்பது நிமிஷத்தை அவங்ககிட்ட சொல்லிட்டுப் போ"ன்னு சொல்லியிருக்காங்க. வார்டு நடுவுல இல்லாம, ரவுண்ட்ஸ் நேரத்துல இல்லாம, காலையில ஹேண்டிங் ஓவர் முடிஞ்சதும் போய், "சிஸ்டர், எனக்குப் பத்து நிமிஷம் வேணும்"னு கேட்டிருக்கா. எழுதி வச்சுக்கிட்டுப் போனா, அழுகை வந்தா பேச்சு நின்னுடுமேன்னு. என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, போன வாரம் எல்லோர் முன்னாடியும் கேட்ட கேள்வி, அதனால ஏன் சொல்லலை, இனிமே என்ன வேணும். "நீங்க கெட்டவங்க"ங்கிற மாதிரி ஒரு வார்த்தை கிடையாது. வேணும்னு கேட்டதும் ரெண்டே ரெண்டு: திட்டணும்னா தனியா கூப்பிட்டுத் திட்டுங்க. ஒரே பேர்ல ரெண்டு பேஷன்ட் இருந்தா சார்ட்ல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டலாமா?

இப்படி ஒழுங்கா அடுக்கிப் பேசறதுக்கு ஆஸ்பத்திரிகள்ல ஒரு முறையே இருக்கு, பேர் எஸ்.பி.ஏ.ஆர். இப்போ நிலைமை என்ன, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், என்ன செய்யணும். அமெரிக்கக் கடற்படையோட அணு நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து ஆஸ்பத்திரிக்கு வந்த பழக்கம் அது. அக்காவுக்கு அந்தப் பேரெல்லாம் அப்போ ஞாபகமே இல்லை. பயத்துல தானா வந்துது.

இன்சார்ஜ் சிஸ்டர் ரொம்ப நேரம் பேசலையாம். அப்புறம், தனக்கு 11 நாளா லீவு இல்லைன்னும், ரெண்டு வார்டைச் சேர்த்துப் பார்க்கிறேன்னும் மட்டும் சொல்லியிருக்காங்க. சாரி சொல்லலை. மறுநாள் சிவப்பு ஸ்டிக்கர் வந்துது. திட்டறது நிக்கலை, ஆனா சைடு ரூமுக்குக் கூப்பிட்டுத் திட்டறாங்க. "அவங்க திருந்திட்டாங்க"ன்னு முடிக்க எனக்கும் ஆசைதான். அக்கா விட மாட்டேங்கறா. "எழுதறதுன்னா நடந்ததை எழுது."

ஒரு விஷயம் மட்டும் தெளிவா சொல்லிடணும். பத்து நிமிஷம் கேட்டு வாங்கிச் சரிசெய்றது கடுகடுப்புக்கும் வேலைச் சுமைக்கும்தான். சாதியைச் சொல்லி அவமானப்படுத்தறது, ராகிங், பாலியல் தொல்லை, இதெல்லாம் அந்தக் கணக்கே இல்லை. 2019 மே மாசம் மும்பையில மகப்பேறு மருத்துவம் மேல்படிப்பு படிச்சுக்கிட்டிருந்த டாக்டர் பாயல் தட்வி உயிரை மாய்ச்சுக்கிட்டார். பழங்குடி சமூகத்துல இருந்து வந்தவர். சாதியைச் சொல்லிக் கொடுமைப்படுத்தினாங்கங்கிற புகார்ல சீனியர் டாக்டர்கள் மூணு பேர் கைதானாங்க. முன்னாடியே புகார் சொல்லியும் யாரும் காதுல போட்டுக்கலைன்னு அவர் அம்மா சொன்னார். அந்த மாதிரின்னா தனியா போய்ப் பேசி நல்லவர் ஆக முயற்சி பண்ணாதீங்க. தேதி போட்டு எழுதுங்க, யாராவது ஒருத்தரைக் கூட வச்சுக்கங்க, அடுத்த படிக்குப் போங்க. பாலியல் தொல்லைக்கு 2013 சட்டப்படி 10 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்ற எந்த இடத்துலயும் உள் புகார்க் குழு இருந்தே ஆகணும். பயிற்சிக்கு வந்தவங்களுக்கும் அது பொருந்தும். மருத்துவக் கல்லூரி ராகிங்குக்கு தேசிய மருத்துவ ஆணையத்தோட 2021 விதிகள் இருக்கு. மனசு தாங்கலைன்னா 14416, டெலி மானஸ், எந்த நேரமும் தமிழ்லயே பேசலாம்.

திரும்பக் கிரிவலத்துக்கு வர்றேன். ஆதி அண்ணாமலை தாண்டி, குபேர லிங்கத்துல கூட்டத்துல மாட்டி, இடுக்குப் பிள்ளையார்ல நான் நுழைய மாட்டேன்னு அக்கா கிண்டல் பண்ணி (நுழைஞ்சுட்டேன், கொஞ்சம் சிராய்ப்பு), ஈசான்ய லிங்கத்துக்கு வரும்போது மணி ராத்திரி ரெண்டு. அக்கா போன் அடிச்சுது. வார்டுல இருந்து ஜூனியர் நர்ஸ், சேர்ந்து ரெண்டு மாசம்தான் ஆகுதாம். எதிர்ப்பக்கம் என்ன சொன்னாங்கன்னு எங்களுக்குக் கேட்கலை. அழுகைச் சத்தம் மட்டும் கேட்டுது.

அக்கா நடக்கிறதை நிறுத்திட்டு ரோட்டோரமா ஒதுங்கினா.

"அழாதம்மா. எத்தனை மணிக்குக் கொடுத்தே? டாக்டர்கிட்ட சொல்லிட்டியா? சரி, இப்பவே போய்ச் சொல்லு, நான் லைன்லயே இருக்கேன்."

பெரியம்மா என் தோளைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னாங்க. போன்ல யாரோ ஓடற சத்தம் கேட்டுது.